மழை விடட்டும் என்று காத்திருக்கும் பெற்றோருக்கு

சென்னையிலும் புறநகர்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிள்ளை வளர்க்கும் அன்பான பெற்றோருக்கு,

நம் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டு முழுக்க ஒரே உரையாடல் திரும்பத் திரும்ப நடக்கிறது. "பசங்களைக் கூட்டிக்கிட்டு கிராமத்துப் பக்கம் ஒரு நாள் போய் வரலாமா?" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். உடனே பத்துப் பேர் சரி என்பார்கள். ஏப்ரலாக இருந்தால், வெயில் தணியட்டும் என்று பேச்சு முடியும். ஆகஸ்டாக இருந்தால், சாயங்காலம் ஆனால் இடி இடிக்கிறதே என்பார்கள். நவம்பரில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. ஜனவரியில் பனி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும். இப்படியே ஒரு வருடம் ஓடி, பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறது.

நான் மதுராந்தகம் பக்கம் ஏரிப் பாசன ஊரில் பிறந்து, பல ஆண்டுகளாகத் தாம்பரத்தில் குடியிருப்பவள். உங்களிடம் கேட்டுக்கொள்ள விரும்புவது ஒன்றே ஒன்று. நல்ல வானிலைக்காகக் காத்திருக்காதீர்கள். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஓர் ஏரியைத் தேர்ந்தெடுங்கள். அதே ஏரிக்கு வெயில் காலத்திலும் போங்கள், மழைக் காலத்திலும் போங்கள், பனியிலும் போங்கள். தேதியைத் தள்ளிப்போடாமல், அன்றைக்குக் கிளம்பும் நேரத்தை மட்டும் வானிலைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

பள்ளி நாட்காட்டியை எடுத்துப் பார்த்தால் நான் சொல்வதன் அவசரம் புரியும். காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வரும். அது மாலை இடிமழைக் காலம். அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசி வாரம், வடகிழக்குப் பருவமழை விட்டும் விடாமலும் இருக்கும் சமயம். முழு ஆண்டு விடுமுறைக்குள் அக்னி நட்சத்திரம் முழுசாக அடங்கிவிடுகிறது. வானம் தெளிந்து, காற்று இதமாக வீசும் தை, மாசி மாதங்களில் பெரிய பிள்ளைகளுக்குத் திருப்புதல் தேர்வு தொடங்கிவிடும். ஆக, பிள்ளைக்கு ஓய்வு கிடைக்கும் நாளும் நீங்கள் எதிர்பார்க்கும் வானிலையும் ஒன்றாய் அமைவது அபூர்வம்.

ஏன் ஏரி என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் கணிசமானவை பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதையொட்டிய வட மாவட்டங்களிலும் இருக்கின்றன. மலை ஏற வேண்டாம், வனத்துறை அனுமதி வேண்டாம், நுழைவுச் சீட்டு வேண்டாம். கரைமேல் ஒரு மண்பாதை, அதன் ஒரு பக்கம் நீர், மறு பக்கம் வயல், கொஞ்சம் தள்ளி ஊர், ஊரில் ஒரு கோயில். ஐந்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் சேர்ந்து நடக்கத் தோதான இடம் இதைவிட வேறு எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வானிலை என்ன செய்கிறது என்பது ஏரியில் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஐப்பசியில் பெய்த மழை தையில் அங்கே பறவையாக வந்து உட்கார்ந்திருக்கும். மழை பொய்த்த ஆண்டில் பறவை கூடு கட்டாது. இந்தத் தொடர்பைப் பாடப் புத்தகத்தில் படிப்பதற்கும், நனைந்த காலோடு கரையில் நின்று பார்த்த பிள்ளை மூன்று மாதம் கழித்து அங்கேயே வந்து தெரிந்துகொள்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

எல்லோரும் பயப்படும் சித்திரை, வைகாசியிலிருந்தே தொடங்குகிறேன். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை நீள்கிறது. இந்த நாள்களில் விடிவதற்கு முன்பே வண்டி கிளம்பிவிட வேண்டும். ஐந்து மணிக்கு முன் தாம்பரம் தாண்டினால், ஆறே காலுக்குக் கரையில் நிற்கலாம். ஒன்பது மணிக்கு வெளியில் நடப்பது முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நிழல், பிறகு வீடு. காலையில் முடியாதவர்கள் மாலை நாலரைக்கு மேல் போகலாம். கடலோர மாவட்டங்களுக்குக் கடற்காற்று என்றொரு கொடை உண்டு. நிலம் சூடேறி, அதன் மேலிருக்கும் காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்பக்கத்துக் காற்று உள்ளே வரும். சென்னைக் கரைக்கு அது நண்பகல் வாக்கில் வந்தால், செங்கல்பட்டு, உத்திரமேரூர்ப் பக்கம் போய்ச் சேரச் சில மணி நேரம் பிடிக்கும். மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாய் அடிக்கும் நாளில் கடற்காற்று உள்ளே வர முடியாமல் தாமதப்படும். நகரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட நாள்களில்தான். அன்று மாலைப் பயணம் வேண்டாம், அடுத்த நாள் விடியலில் போங்கள்.

வற்றிய ஏரியில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நீர் நிறைந்திருக்கும்போது ஒளிந்திருக்கும் எல்லாமே மே மாதத்தில்தான் வெளியே வரும். தரை பாளம் பாளமாய் வெடித்திருக்கும். வெடிப்பின் ஓரத்தில் குனிந்து பார்த்தால், மேல் மண் வெளிறியும் ஒரு சாண் ஆழத்தில் மண் இன்னும் கறுத்து ஈரமாகவும் இருப்பது தெரியும். சேறு காயும்போது நடந்து போன கொக்கின் கால்தடம் அச்சடித்த மாதிரி இறுகிக் கிடக்கும். நத்தை ஓடுகளும் மட்டிச் சிப்பிகளும் சிதறிக் கிடக்கும். நத்தை ஓட்டைப் பிள்ளை கையில் எடுத்துக் கொள்ளட்டும். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி இருப்பது எதற்கு என்று அப்போது பேசலாம். வழுக்கும் நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை வெளியே இழுக்க ஏற்ற அலகு அது.

மதகையும் முழுசாய்ப் பார்க்கக் கிடைப்பது இந்த மாதத்தில்தான். பழைய ஏரிகளில் இரண்டு கல்தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள், கற்களின் நடுவில் துளை, துளை வழியே இறங்கும் கம்பு, கம்பின் நுனியில் அடைப்பான் என்று அமைப்பு எளிமையாக இருக்கும். கம்பைத் தூக்கினால் கீழே தூம்பு திறந்து, கரைக்கு அடியில் ஓடி வாய்க்காலில் நீர் விழும். மோட்டாரோ மின்சாரமோ இல்லாமல் இத்தனை ஏக்கருக்கு நீர் எப்படிப் போகிறது என்று பத்து வயதுப் பிள்ளைக்கு இதைக் காட்டியே விளக்கிவிடலாம். வண்டல் மண் அள்ளி வண்டியில் ஏற்றுகிறவர்கள் இருந்தால் பேச்சுக் கொடுங்கள். அந்த மண் வயலுக்கு எரு என்பதையும், அள்ளிய ஏரிக்கு ஆழம் கூடும் என்பதையும் நம்மைவிட நன்றாக அவர்கள் சொல்வார்கள்.

திரும்பும் வழியில் நுங்கு. சாலையோரக் கடையில் சீவித் தரச் சொல்லி வாங்கி, கட்டைவிரலைக் கண்ணுக்குள் விட்டுக் குடைந்து உறிஞ்சப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுங்கள். சட்டையெல்லாம் நனையும், கறையும் படும், படட்டும். தின்று முடித்த இரண்டு கோம்பைகளைக் கேட்டு வாங்கி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி, கவைக் கம்பு ஒன்றால் தள்ளினால் நுங்கு வண்டி தயார். விலை கொடுத்து வாங்கிய எந்தப் பொம்மையும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் அதற்கு ஈடாக நின்றதில்லை.

வெயில் நாளில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நீர்மோர், பானகம், கூடவே மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பொட்டலம் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும். பிள்ளை சோர்ந்தாலோ வாந்தி எடுத்தாலோ பயணம் அங்கேயே முடிந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நிழலில் படுக்கவைத்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். பேச்சுக் குழறினால், உடம்பு நெருப்பாய்க் கொதித்தால் 108. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையோடும், இதய, சிறுநீரக நோயுள்ள பெரியவர்களோடும் மே மாதப் பயணத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆனி முதல் புரட்டாசி வரை வேறு கணக்கு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கே மலையில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு நம் பக்கம் வரும். ஆனாலும் பகல் சூட்டில் திரளும் மேகம் மாலையிலோ இரவிலோ இடியோடு பெய்துவிடும். காலைகள் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். எனவே ஏழு மணிக்குக் கிளம்பி, பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, இரண்டரை மணிக்குள் திரும்பும் சாலையில் இருங்கள். ஆடிக் காற்றில் கரைமேல் பட்டம் விடலாம், மாஞ்சா நூல் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த மாதங்களில் மழையைவிட மின்னலுக்குத்தான் பயப்பட வேண்டும். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முப்பது எண்ணுவதற்குள் கேட்டாலே திறந்த வெளியில் நிற்கக் கூடாது. நாலு பக்கமும் சுவர் உள்ள கட்டடத்துக்கோ, கண்ணாடிகளை ஏற்றிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது. ஏரிக்கரையில் சுற்றிலும் உயரமாக நிற்பது பனைமரமும் நீங்களும்தான். பனைக்குக் கீழே ஒதுங்குவது மிகப் பெரிய ஆபத்து. இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி அருகில் விழும் மின்னலைக் காட்டும். இலவசம்தான், இன்றே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் அதிகம் தவிர்க்கும், நான் அதிகம் நேசிக்கும் ஐப்பசி, கார்த்திகை.

சென்னைக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடும். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் இந்தப் பருவம் தொடர்ந்து பெய்துகொண்டே இருக்கிற பருவம் கிடையாது. ஒரு தாழ்வுநிலை வந்து நான்கு நாள் கொட்டும், பிறகு சில நாள் வெயிலும் தூறலுமாக விடும். கடலோரத்தில் இந்த மழை இரவிலும் விடியற்காலையிலும் வலுப்பது வழக்கம், பகல் ஏற ஏறக் குறையும். ஆகவே மே மாதத்துக்கு நேர்மாறாக, காலையில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது, பத்து மணிக்குக் கிளம்புங்கள். வானிலை அறிக்கையில் "லேசானது முதல் மிதமான மழை" என்றால் அது நம் நாள். ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை என்பது வானிலைத் துறையின் வரையறை. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடுத்த மாவட்டத்துக்குள் போகவே கூடாது. மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று ஆட்சியர் அறிவித்த நாளில், விடுமுறைதானே என்று கிளம்புகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த அறிவிப்பே வீட்டில் இருங்கள் என்று சொல்வதற்காகத்தான்.

மதுராந்தகம் ஏரிக்கரையில் மழை தூறும்போது நின்றால், நீரின் மேல் விழும் துளிகள் தூரத்தில் வெள்ளைப் புகையாய் நகர்ந்து வருவதும், அது நம்மை எட்டுவதற்கு முன்பே சத்தம் வந்துவிடுவதும் தெரியும். தவளைகள் ஒரு பக்கம் கத்தி நிறுத்தினால் எதிர்ப்பக்கம் தொடங்கும். முதல் மழைகளுக்குப் பிறகு, கரையின் மண்ணில் சிவப்பு வெல்வெட்டாய் ஊரும் பட்டுப்பூச்சிகளைப் பார்க்கலாம். அவற்றைத் தீப்பெட்டியில் அடைக்க வேண்டாம், உள்ளங்கையில் ஒரு நிமிடம் ஊரவிட்டுத் திரும்ப மண்ணில் விட்டால் போதும். ஏரி நிறைந்துவிட்டால் உபரிநீர்ப் போக்கியான கலங்கலில் நீர் வழியும். ஓர் ஏரியின் உபரி நீர் ஓடை வழியே அடுத்த ஏரிக்கும், அங்கிருந்து அதற்கடுத்த ஏரிக்கும் போகும் சங்கிலியைத் தூரத்தில் பாதுகாப்பாக நின்று பிள்ளைக்குக் காட்டுங்கள்.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஒரு பெருமழை இரவில் கரை உடைந்துவிடும் என்று அஞ்சிப் போய்ப் பார்த்தபோது, வில்லேந்திய இருவர் கரைமேல் காவல் நின்றதைக் கண்டார் என்பது ஊர் சொல்லும் கதை. கரை உடையவில்லை. நன்றிக்குத் தாயார் சன்னதியைக் கட்ட உதவினார் என்றும் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் மழை கொட்டும் இரவில் ஓர் ஊரே கரையைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்த காலம் ஒன்று இருந்தது என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. அதை அந்தக் கரையில், அந்த மழையில் சொல்லுங்கள்.

மழை வலுத்தால் ஒதுங்க உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் ஊர்ச்சபை எடுத்த முடிவுகள் கல்லிலேயே வெட்டப்பட்டுள்ளன. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாய்ப் படித்தது இதைத்தான். ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றுமறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். முப்பத்தைந்து வயதுக்குக் கீழேயும் எழுபதுக்கு மேலேயும் இருப்பவர்களுக்கு இடமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினருக்கும் இடமில்லை. தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். வெளியே பார்த்துவிட்டு வந்தது போன்ற ஏரியைப் பேண ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆள் நியமித்திருக்கிறார்கள் என்பது, அந்த மண்டபத்தில் மழைச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து கேட்கும்போது பிள்ளைக்குச் செய்தியாக மட்டும் இருக்காது. துண்டுச் சீட்டுகளில் எல்லோர் பெயரையும் எழுதி, ஒரு பாத்திரத்தில் குலுக்கி, குழுவிலேயே சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள். யார் பெயர் வருகிறதோ அவர்தான் அடுத்த பயணத்துக்குப் பொறுப்பு.

மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்ற பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். சளியைக் கொண்டுவருவது வைரஸ். மூடிய அறைகளில் நெருங்கி உட்கார்ந்திருக்கும்போதுதான் அது எளிதாகப் பரவுகிறது. நனைவது தானாக நோயாகிவிடாது. நனைந்த துணியோடு மணிக்கணக்கில் குளிரில் இருப்பதுதான் கூடாது. அதனால் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று உடுப்பு, உள்ளாடை முதற்கொண்டு, வாய் கட்டிய பாலித்தீன் பையில் தனியே இருக்கட்டும். தலை துவட்ட இரண்டு துண்டுகள், ஃப்ளாஸ்க்கில் சுக்குக் காப்பி. கரைமேல் காற்றில் குடை மடங்கிவிடும், மழைக்கோட்டுதான் நிற்கும். ஜீன்ஸ் நனைந்தால் கனத்துக் காயவே காயாது, மெல்லிய பருத்திப் பேன்ட் நல்லது. இழுப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்கழி, தை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அப்போது எல்லோருமே வருகிறீர்கள். இரண்டு குறிப்புகள் மட்டும். விடியற்காலை மூடுபனியில் ஜிஎஸ்டி சாலையில் வண்டி ஓட்டாதீர்கள், சூரியன் வந்த பிறகு கிளம்புங்கள். வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் நண்பகலில் போய் ஏமாறாமல், மூன்றரைக்கு மேல் போய், இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாய்த் திரும்புவதைப் பாருங்கள். நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் கரண்டிவாயனும் கிளைக்குக் கிளை கூடு வைத்திருக்கும். மஞ்சள்மூக்கு நாரை, குஞ்சின் மேல் வெயில் படாமல் சிறகை விரித்து நிற்பதைத் தொலைநோக்கியில் பார்க்கலாம். பறவைகளுக்கும் வெயில் ஒரு பிரச்சினைதான், அவை அதற்கு வழி செய்துகொண்டு அங்கேயே இருக்கின்றன. முன்பு இங்கே ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் அதே கலெக்டர் பிளேசிடம் போய் முறையிட்டு 1798இல் பாதுகாக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். 2022இல் வேடந்தாங்கல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில் கரிக்கிலிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கூட்டம் குறைவு.

எந்த வானிலையிலும் போங்கள் என்று சொல்கிறவள், ஆபத்தையும் நேராகச் சொல்லியாக வேண்டும். ஏரிக்குள் யாரும் இறங்க வேண்டாம், கணுக்கால் நீர்தானே என்றாலும். சவுடு மண் அள்ளிய குழிகள் மழைக்குப் பிறகு நீருக்கடியில் மறைந்திருக்கும். ஓரடி ஆழத்திலிருந்து அடுத்த எட்டில் ஆளை மூழ்கடிக்கும் ஆழம். ஒவ்வொரு விடுமுறையிலும் செய்தித்தாளில் பிள்ளைகளின் பெயர்களைப் படிக்கிறோமே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள். வயல்வெளியில் கைப்பிடிச் சுவரில்லாத தரைக்கிணறுகள் உண்டு, புல் மூடியிருந்தால் விளிம்பு தெரியாது. வரப்பில் பிள்ளையை முன்னால் ஓடவிடாதீர்கள். தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடினால் வண்டியைத் திருப்பிவிடுங்கள், உள்ளூர்ப் பேருந்து போகிறதே என்று பின்னாலேயே போகாதீர்கள். புதர் ஓரங்களில் முழுக்கால் உடை, வீட்டுக்கு வந்ததும் குளியல். ஒட்டுண்ணிப் பூச்சி கடித்தால் வரும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சல் மழை, பனிக் காலங்களில் நம் மாவட்டங்களில் உண்டு. பயணம் போய்வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போனோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தொலைவில் அருவிக்கும் மலைக்கும் போகிறவர்களுக்கு இந்த மடல் போதாது. பழைய குற்றாலத்தில் 2024 மே மாதம் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் இறந்ததையும், 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் நிற்குமிடத்தில் மழை இல்லாவிட்டாலும் மலையில் பெய்தால் அருவி பொங்கும். நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் வரத் தொடங்கினால் அந்த நொடியே வெளியேற வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு தொடங்குகிறவர்களுக்கு ஏரிக்கரையே நல்லது என்று நான் வற்புறுத்த இதுவும் ஒரு காரணம்.

பெண்களுக்குப் பயணத்தின் முதல் கேள்வி கழிப்பறை. திட்டம் போடும் ஆண்கள் இதைக் கடைசியில்கூடக் கேட்பதில்லை. எந்தெந்த இடத்தில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது, அங்கே எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பதை வைத்துத்தான் வழியையே வகுக்க வேண்டும். அது தெளிவாகிவிட்டால், பாதி அம்மாக்களும் எல்லாப் பாட்டிகளும் வரச் சம்மதிப்பார்கள். சாப்பாட்டுக்குப் புளியோதரை, நல்லெண்ணெயில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சுண்டல் போதும். மே மாதத்தில் தேங்காய்ச் சட்னி கிளம்பிய மூன்று மணி நேரத்தில் புளித்துவிடும். ஒரு மடக்கு நாற்காலி கூட இருந்தால், முழங்கால் வலியுள்ள தாத்தா மண்டபத்திலோ மர நிழலிலோ நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

கார் இல்லாதவர்களுக்குச் செங்கல்பட்டு வரை மின்சார ரயில் இருக்கிறது. ஊருக்குள் நுழையும் முன்பே ரயிலின் ஜன்னலில் கொளவாய் ஏரி வந்துவிடும். மழை நாளில் அந்த ஜன்னலோரப் பயணமே ஒரு முழுப் பயணம். அதற்கு மேல் போக வேண்டுமானால் அங்கிருந்து பேருந்து.

போகிற ஊரில் நாம் விருந்தாளிகள். ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம். நாற்று நட்ட வயலில் செல்ஃபிக்காக இறங்க வேண்டாம். கொண்டுபோன குப்பை முழுக்கத் திரும்பி வர வேண்டும், பிறர் போட்டதில் ஒரு பையும் சேர்த்து வந்தால் இன்னும் நல்லது. டீயும் காய்கறியும் அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். கரையில் யாராவது பெரியவர் நின்றால் "ஐயா, ஏரி இந்த வருஷம் ரொம்பிச்சா?" என்று கேளுங்கள். பதில் சீக்கிரம் முடியாது, நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இந்த மாதக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள் என்பதே என் வேண்டுகோள். இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆறு ஞாயிற்றுக்கிழமைகளை இப்போதே குறித்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஏரி. தேதிக்குப் பக்கத்தில் "வானிலை அனுமதித்தால்" என்று எழுதாதீர்கள். சனிக்கிழமை மாலை வானிலைத் துறையின் மாவட்ட எச்சரிக்கையைப் பார்க்க ஒருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள். மஞ்சளோ அதற்குக் கீழோ என்றால், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று மட்டும் அவர் குழுவில் போடட்டும். ஆரஞ்சோ சிவப்போ என்றால் அடுத்த ஞாயிறு. முதல் தேதியை மே மாதத்தில் வைக்கத் துணிகிறவர்கள் எனக்கு எழுதுங்கள், காலை ஆறே காலுக்கு மதுராந்தகம் கரையில் நானும் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
தாம்பரத்திலிருந்து ஒரு மதுராந்தகத்துக்காரி